இறக்கத்தில் சாவி யார் கையில்

நோவா வரோஷ்
ஆகஸ்ட் 26, திங்கள்

அன்பு மகள் துன்யாவுக்கு,

போன வியாழக்கிழமை ஒப்ரேன் வீட்டு மலையிலிருந்து சரக்கோடு இறங்கும்போது நம் வேனின் பிரேக் கல்லாகிப் போனது, ஒன்றரை கிலோமீட்டர் தூரம் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை, உன் அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே அதைப் பிடித்து நிறுத்தினாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பாலேட்டுத் தொட்டி ஒன்று மட்டும் பின்னால் கவிழ்ந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரார் வாய் வழியாக உனக்கு வந்து சேரும்போது நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்குள் கிடப்பதாகத்தான் வந்து சேரும். ஏரியில் இல்லை. உன் அம்மா முற்றத்தில் மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருக்கிறாள், புகை இந்தத் தாள் வரைக்கும் வருகிறது. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை கால் முழுசாக, பசி தூக்கம் ஒழுங்காக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நீ சொந்தமாகக் கார் வாங்கியது, அது சிவப்பு நிறம் என்பது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செங்குத்தான இறக்கம் ஒன்று இருப்பது, அக்டோபரிலேயே அங்கே சாலை உறைந்துவிடும் என்பது எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தோம். கடைசியில், "அப்பா, நாப்பது வருஷமா மலை இறங்குற, எனக்கு நாலு வரி எழுதேன்" என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். அன்றைக்கே ஒரு தாளை எடுத்து வைத்து அரைப் பக்கம் எழுதியும் விட்டேன், நல்ல கம்பீரமான கையெழுத்தில். அந்தத் தாளை வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்பில் போட்டேன். கேள்வியை நீ ஆள் மாற்றிக் கேட்டுவிட்டாய் மகளே, அதனால் இப்போது எழுதுவது வேறு கடிதம்.

உன் அம்மா ஏப்ரலில் லைசென்ஸ் வாங்கிய செய்தியை ஃபோனில் சொன்னோம். எப்படி வாங்கினாள் என்பதை நான் சொல்லவில்லை, அப்போது அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜனவரியில், பனி இடுப்பளவு கிடந்த ஒரு காலையில், காப்பி குடித்துக்கொண்டே, "நான் யாகொதாகிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள். யாகொதாவை உனக்கு நினைவிருக்கும், காட்டிலிருந்து மரம் ஏற்றுகிற லாரி ஓட்டினாளே, அவள்தான், இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறாள். "எதுக்கு, நான் செத்தா போயிட்டேன்?" என்றேன். "சாகறதுக்கு முன்னாடி கத்துக்கணும் மனுஷா, செத்தப்புறம் உன்னை யாரு ஏத்திக்கிட்டுப் போறது?" என்றாள். அந்த வாயிடம் முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தரமும் ஜெயித்ததில்லை, உனக்கே தெரியும். ஐம்பத்தாறு வயசு, வலது மணிக்கட்டில் பால் கறந்து கறந்து வந்த வலி, கண்ணாடி இல்லாமல் விலைப்பட்டியல் படிக்க முடியாது, இவள் எங்கே ஓட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு பாடத்துக்கு யாகொதா இன்ஜினை முடுக்கவே இல்லை. நின்ற வண்டியில் இவளை உட்கார வைத்து, சீட்டை முன்னே தள்ளு, பின்னே தள்ளு, கிளட்சை அடி வரைக்கும் மிதித்தாலும் முழங்கால் மடிந்தே இருக்கிறதா பார், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படுகிறதா பார், கண்ணாடி மூன்றையும் திருப்பு, பெல்ட்டைப் போடு என்று அதையே செய்ய வைத்திருக்கிறாள். நான் நேரே போய், ஓடாத வண்டிக்குமா பாடத்துக்கு முழுக் கட்டணம், பாதி போதாதா என்று கேட்டேன். "ஓடாத வண்டியில உன் பொண்டாட்டி எதையும் உடைக்க முடியாது திஹொமிர், அதான் அங்க ஆரம்பிக்கிறேன். உனக்கு நான் கத்துக்கொடுத்திருந்தா மூணு மாசம் நின்ன வண்டிதான்" என்றாள். அப்போது சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு பிப்ரவரி முழுக்க நம் முற்றத்தில் நடந்த கூத்தைக் கேள். தினமும் பால் காய்ச்சி ஏடு எடுத்து வைத்த பிறகு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு நம் வேனில் ஏறி உட்காருவாள், கண்ணை இறுக மூடிக்கொள்வாள், கையால் ஒவ்வொன்றாகத் தேடுவாள். வைப்பர், ஹெட்லைட், பனி விளக்கு, கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்றடிக்கிற பொத்தான், ஹார்ன், ஆபத்துக்குப் போடுகிற முக்கோண விளக்கு. வாயால் பெயர் சொல்லிக்கொண்டே தொடுவாள், தப்பாகத் தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "கண்ணு ரோட்டுக்கு, கை பொத்தானுக்கு. பொத்தானைத் தேடிக் கண்ணு கீழ போச்சுன்னா அம்பது மீட்டர் குருடியா ஓட்டுற" என்று யாகொதா சொல்லியிருந்தாளாம். எதிர்வீட்டுக்காரன் வேலி மேல் சாய்ந்துகொண்டு, "என்ன திஹொமிர், மிலுன்கா வேனுக்குள்ள மாவு பிசையறாளா?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். குளிர்பெட்டிக் கதவில் வண்டியின் எச்சரிக்கை விளக்குகளைக் கலர் பென்சிலால் வரைந்து ஒட்டியிருந்தாள், சிவப்பு எரிந்தால் நிறுத்து, மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் கவனி, பச்சையும் நீலமும் எரிந்தால் ஏதோ ஒன்று போட்டு வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். நாற்பது வருஷமாக ஓட்டுகிற எனக்கு அதில் நான்கு விளக்கு என்னவென்று தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

பரீட்சையில் இரண்டு தரம் தோற்றாள். முதல் தரம் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. இரண்டாம் தரம் கேட்டால் சிரிப்பாய், நடைபாதைக் கோட்டின் அருகே ஒரு கிழவர் நின்றிருக்கிறார், இவள் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டியிருக்கிறாள், அவர் கடக்கவில்லை, இவள் நகரவில்லை, பின்னால் பதினோரு வண்டி நின்றுவிட்டது. கடைசியில் கிழவர் கிட்டே வந்து, "அம்மா, நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன், நீ போ தாயி" என்றாராம். மூன்றாம் தரம் பிழையே இல்லாமல் தேறினாள். வீட்டுக்கு வந்து அந்தப் புது அட்டையை மேசை மேல் வைத்து, வேன் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வண்டி வேறு, சரக்கு வண்டி வேறு என்றேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை தோறும் மலை வீடுகளுக்குப் போய்ப் பாலேடும் பாலாடைக்கட்டியும் எடுத்து வருகிற சுற்றைத் தானே ஓட்டிப் போய்த் தானே எடுத்துவர வேண்டும் என்பது. நாக்கு அவளுடையது, நுனியில் ஒரு துளி வைத்தே எந்தப் பசு எந்த மேட்டில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவாள், என் வியாபாரத்தில் பாதி அந்த நாக்கால்தான் நடக்கிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சாவியைக் கொடுக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. ஒவ்வொரு வியாழனும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, என் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவாள். சரக்கில் குறை கண்டுபிடிக்கிற ஆள் வாய் திறக்காமல் இருப்பானே, அந்த மாதிரி.

இனி என் தப்புக்கு வருகிறேன். வெளிநாடுகள் நம் நாட்டின் மேல் பொருளாதாரத் தடை போட்டிருந்த அந்த வருஷங்களில் நீ பிறக்கவில்லை. பெட்ரோல் கிடையாது, எல்லைக்கு அப்பாலிருந்து கடத்தி வந்ததைச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்பார்கள், பாதி தண்ணீர். அப்போது இந்த மலையில் இருந்த ஒருவரும் இன்ஜினை ஓடவிட்டு இறங்கியதில்லை. உச்சியில் சாவியை அணைப்போம், கியரை நியூட்ரலில் போடுவோம், பாலம் வரைக்கும் சும்மா உருட்டிக்கொண்டு வருவோம். யார் அதிக தூரம் உருட்டினான் என்று காப்பிக் கடையில் போட்டியே நடக்கும், நான் ஒரு தரம் பாலத்தையும் தாண்டி அடுப்புக்கரிக் கடை வாசல் வரைக்கும் வந்து நின்றேன், அதை இன்றைக்கும் சொல்வார்கள். அன்றைக்கு இருந்தது சின்னக் கார், ஸ்டியரிங்கைத் தோள் பலத்தால் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தொடை பலத்தால் மிதிக்க வேண்டும், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. காலம் மாறி, டீசல் தாராளமாகக் கிடைத்து, ஜெர்மனியிலிருந்து வந்த இந்த வேனை வாங்கி ஆறு வருஷம் ஆன பிறகும், இறக்கம் வந்தால் என் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். இன்ஜினை மட்டும் ஓடவிடுவேன். வியாழக்கிழமை அதையும் அணைத்தேன்.

காரணம் கேவலமானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒப்ரேன் வீட்டில் இருபத்திரண்டு தொட்டி ஏற்றிக் கிளம்பும்போது டீசல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. "மேல இருக்கிற பம்புல ஊத்திக்கோ" என்றாள் உன் அம்மா. மேலே லிட்டருக்கு விலை கூட. "கீழ போய் ஊத்திக்கலாம், இறங்கறதுக்கு எதுக்குடி டீசல்?" என்றேன். ஒப்ரேன் வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "உன் புருஷன் காத்துலயே ஊருக்குப் போயிடுவான் மிலுன்கா, பயப்படாதே" என்று கிண்டல் செய்தான். உச்சியைத் தாண்டியதும் சாவியைத் திருப்பினேன். சட்டென்று நிசப்தம். அந்த நிசப்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும், காசு மிச்சமாகிற சத்தம் அது. உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்ஜினைப் போடு" என்றாள். "பேசாம வா" என்றேன்.

முதல் இரண்டு வளைவில் பிரேக் நன்றாகவே பிடித்தது. மூன்றாவது வளைவில் காலை வைத்தால் பாறையை மிதித்த மாதிரி இருக்கிறது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்தேன், சீட்டிலிருந்து நான் எழுந்தேனே தவிர வேகம் குறையவில்லை. விட்டு விட்டு மிதித்தேன், அதுதான் இருந்த கொஞ்சத்தையும் குடித்துத் தீர்த்தது என்று பிறகு தெரிந்தது, பிரேக்குக்குத் துணைசெய்கிற பலம் ஓடுகிற இன்ஜினிடமிருந்து வருகிறது, அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்குமாம். ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்துவிட்டது. முள் எழுபதைத் தாண்டுகிறது, இடது பக்கம் கீழே ஏரி, பின்னால் இருபத்திரண்டு தொட்டியும் முன்னே தள்ளுகிறது, அடுத்த வளைவுக்கு முன்னால் வைக்கோல் வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நத்தை மாதிரி போகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை மகளே. நாற்பது வருஷம் ஓட்டியவன் மண்டையில் ஒன்றுமே இல்லை. கடைசியில் ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கையை நீட்டினேன், உன் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதே, பின்சக்கரம் பூட்டிக்கிட்டா சுத்தி ஏரிக்குத்தான் போவோம்" என்றாள்.

கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். பாலில் ஏடு கட்டுகிறபோது உன்னிடம் பேசுவாளே, சத்தம் போட்டால் ஏடு உடைந்துவிடும் என்பது போல, அந்தக் குரல். "மனுஷா, பிரேக்கை விடு. கிளட்சை மிதி. பூரா மிதி. மிதிச்சுக்கிட்டே இரு." ஏன் என்று கேட்காமல் நான் அவள் சொன்னதைச் செய்தது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தரம். நம் வேனில் சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து இருக்கிறது. இடது கையை நீட்டிச் சாவியை முன்னே திருப்பினாள், முன்பலகை விளக்கெல்லாம் எரிந்தது. கை அங்கிருந்து முக்கோணப் பொத்தானுக்குப் போனது, அங்கிருந்து கியருக்குப் போனது. கண் ஒரு தரமும் கீழே போகவில்லை, நான் பார்த்தேன், கண் டிராக்டர் மேலேயே இருந்தது. கியரை நான்கில் தள்ளினாள். "இப்ப கிளட்சுலேருந்து காலை எடு. மெதுவா. முட்டை மேலேருந்து எடுக்கற மாதிரி." எடுத்தேன். வண்டி ஒரு உதறு உதறியது, பின்னால் ஏதோ விழுந்தது, இன்ஜின் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது, ஸ்டியரிங் கையில் வெண்ணெய் மாதிரி இளகியது. "இப்ப பிரேக்கை மிதி. ஹார்ன் அடி, அதுவாவது உனக்கு வரும்ல" என்றாள். அந்த நேரத்திலும் குத்தல். அடித்தேன். டிராக்டர்க்காரன் திரும்பிப் பார்த்து ஓரம் கட்டினான், ஒரு கை அகலத்தில் அவனைத் தாண்டினோம், வைக்கோல் முழுக்க எங்கள் கண்ணாடி மேல் கொட்டியது, முன்னால் ஒன்றும் தெரியவில்லை, நான் வைப்பர் எங்கே என்று குனிவதற்குள் அவள் கை அதைத் தட்டிவிட்டிருந்தது. பிறகு மறுபடியும் கிளட்ச், மூன்று, மறுபடியும் கிளட்ச், இரண்டு. வண்டி தலை குனிந்த எருது மாதிரி அடங்கி வந்தது. நீரூற்று வளைவில் ஓரமாக ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சொல்லி, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பச் சொல்லி, முதல் கியரில் போடச் சொல்லிவிட்டு, "இப்ப அணை. இன்ஜினை அணைக்கிற இடம் இதுதான்" என்றாள்.

நான் திட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கிப் போய் ஊற்றில் முகம் கழுவினாள். அள்ளிய தண்ணீரில் பாதியைக் கீழே சிந்தினாள். நான் போய் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சந்தையில் நான் எத்தனையோ பேரை எடை போட்டிருக்கிறேன், மாடு வாங்குகிறவன், மாடு விற்கிறவன், கடன் கேட்கிறவன், எவன் எதற்கு லாயக்கு என்று முகம் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்த சரக்கை மட்டும் விலை குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். வியாபாரியாக இதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு வந்ததில்லை, புருஷனாக இதைவிடப் பெரிய பெருமையும் வந்ததில்லை. இதை அவளிடம் இத்தனை வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ ஃபோனில் பேசும்போது சொல்லிவிடு.

முகம் துடைத்துக்கொண்டு, "இறங்கு, இந்தப் பக்கம் வா" என்றாள். பின்னால் போய் விழுந்த தொட்டியை நிமிர்த்தி மற்றதையெல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள், சீட்டை முன்னே இழுத்தாள், கண்ணாடி மூன்றையும் திருப்பினாள், பெல்ட்டைப் போட்டாள், என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். மீதி ஆறு கிலோமீட்டரும் இரண்டாவது கியர், முப்பதுக்கு மேல் போகவில்லை, பிரேக்கை எப்போதாவது ஒரு தொடு தொட்டு விடுவாள், வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொண்டு வந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, "அக்கா, பாலேடு புளிக்கறதுக்குள்ள போய்ச் சேருவியா?" என்றான். "சேருவேன் தம்பி, உனக்கு ஆஸ்பத்திரில சாப்பிடக் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன், நீ முன்னால போ" என்றாள். அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி எல்லாரையும் போகவிட்டாள். அவன் போகும்போது தொப்பியைத் தூக்கினான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை யாகொதாவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். சுட்ட மிளகாயும் கவிழ்ந்த தொட்டிப் பாலேடும் ரொட்டியும், நான் ப்ளம் சாராயம் ஊற்றினேன், அவள் தொடவில்லை, வண்டியில் வந்திருக்கிறேன் என்றாள். கதையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதைக் கேள், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இப்போதைய வண்டிகளில் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்ஜின் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதாம், சக்கரமே அதைச் சுற்றுமாம். நியூட்ரலில் விட்டால்தான் தான் ஓடுவதற்கென்று குடிக்குமாம். "ஆறு வருஷமா மிச்சம் பிடிக்கறேன்னு நெனச்சு டீசலை ஊத்திக்கிட்டு வந்திருக்க திஹொமிர், அணைச்சுப் பார்த்த ஒரு நாள்ல உசிரையும் ஊத்தப் பார்த்த" என்றாள். உன் அம்மா சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது.

அப்புறம் பேரம் நடந்தது. உன் அம்மா கையை மேசை மேல் நீட்டினாள், ஏப்ரலில் நீட்டிய மாதிரியே. நான் சும்மா கொடுக்கிற ஆளா, மலை உனக்கு, ஊருக்குள் எனக்கு என்றேன். சரக்கு இருந்தால் எங்கேயும் எனக்கு என்றாள். மழை நாளில் எனக்கு என்றேன். மழை நாளில்தான் கண்டிப்பாக எனக்கு என்றாள். மாட்டுச் சந்தை மாதிரியே இருக்கட்டும் என்று யாகொதா எழுந்து வந்து எங்கள் இரண்டு பேர் வலது கையையும் சேர்த்துப் பிடித்து, தரகன் குலுக்குவது போல மேலும் கீழும் குலுக்க ஆரம்பித்துவிட்டாள், "இறங்கி வாடா, இறங்கி வா, இந்தச் சரக்கு உனக்கு வேற எங்கயும் கிடைக்காது" என்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அப்படியென்றால் நவம்பரில் வருகிற புனித திமித்ரி நாள் வரைக்கும் வைத்துப் பார்ப்போம், அப்புறம் பேசிக்கொள்வோம் என்றேன். உன் அம்மா குலுக்கலை நிறுத்தினாள். "திமித்ரி நாள் கெடு கூலியாளுக்கு வைக்கிறது. எனக்குக் கெடு கிடையாது" என்றாள். அதற்கு மேல் என்னிடம் விலை இல்லை. கையை அழுத்தினேன், யாகொதா தன் கையால் வெட்டிப் பிரித்துப் பேரத்தை முடித்து வைத்தாள்.

உன் கேள்விக்கு உன் அம்மா சொன்ன பதில் இது, மிளகாய்க் கையோடு வாசலில் நின்று சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். புதுக் காரில் ஒரு சாயங்காலம் எங்கும் போகாமல் உட்கார், கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தானையும் கை கண்டுபிடிக்கும் வரை எழுந்திருக்காதே. காரோடு வந்த புத்தகத்தை எடுத்து விளக்குப் படங்களை வரைந்து ஒட்டு. உறைந்த இறக்கத்துக்கு உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொள், பாதியில் குறைக்கப் பார்க்காதே, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தூக்கத்தில் இருக்கிற குழந்தையைத் தொடுகிற மாதிரி தொடு. முன் வண்டிக்கும் உனக்கும் நடுவே நம் முற்றம் நாலு வைக்கிற இடம் விடு. கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது உள்ளங்கை அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்பாதே, முழுக்கச் சுரண்டு. குளிர்காலச் சக்கரத்தைப் பனி விழுந்த பிறகு மாற்றாதே, விழுவதற்கு முன்னால் மாற்று. தெரியாததை அங்கே யாரிடமாவது கேள், வெட்கப்படாதே, தோற்றாலும் பரவாயில்லை, நானே ரெண்டு தரம் தோற்றேன் என்று எழுதச் சொன்னாள். என் பங்குக்கு ஒன்றுதான், டீசலோ பெட்ரோலோ எதுவானாலும் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதே, விலை கூட இருக்கிற பம்பிலும் ஊற்று.

மற்றபடி இங்கே ப்ளம் நன்றாகக் காய்த்திருக்கிறது, கூரையின் வடக்குப் பக்கம் ஒழுகியது, அடைத்துவிட்டேன். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி இந்தக் கடிதத்தோடு வேறு பொட்டலத்தில் வருகிறது, ஆஸ்பத்திரியில் யாருக்கும் கொடுத்துவிடாதே. நீ போகிற சாலையெல்லாம் உனக்கு வழிவிடட்டும், எந்தக் குளிரும் உன் எலும்பைத் தொடாமல் இருக்கட்டும், கடவுளும் உன் அம்மாவின் பிடிவாதமும் உன் கூடவே இருக்கட்டும். அக்டோபருக்கு முன்னால் சக்கரம் மாற்றியதும் ஒரு வரி எழுது, மறந்துவிடாதே.

இந்தப் பேரத்துக்கு நீயும் ஒரு சாட்சி என்பதால் முடிந்த நிபந்தனையை இங்கே எழுதி வைக்கிறேன். சரக்கு இருக்கிற வேனை மிலுன்காதான் ஓட்டுவாள், ஏற்றமானாலும் இறக்கமானாலும் மழையானாலும், வியாழக்கிழமை மலைச் சுற்று அவளுடையது, எந்த வீட்டில் எதை எடுப்பது என்பதும் அவள் நாக்கு சொல்வதுதான், காலி வண்டியை நான் ஓட்டலாம், ஆனால் சக்கரம் உருளும்போது சாவியைத் தொடவும் நியூட்ரலில் விடவும் கூடாது, மீறினால் ஒரு மாதம் தொட்டி கழுவுவது என் வேலை, கெடு இல்லை.

உன் அப்பா,
திஹொமிர்